கைவிட்ட ரன்வே, குட்டி ஏர்போர்ட்: உங்க அனுபவத்தைப் போடுங்க

உளுந்தூர்ப் பையன்:
எங்க உளுந்தூர்பேட்டைல ஒரு ரன்வே இருக்குன்னு திருச்சி ரோட்டுல பறக்குறவன் பாதிப் பேருக்குத் தெரியாது. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல வெள்ளைக்காரன் போட்டது, கதை உங்களுக்கே தெரியும், அத விடுங்க. ஒரு நாள் பைக்ல அங்க போனா நீட்டுக்கும் உளுந்துச் செடிய காயப்போட்டு ஒரு ஆயா கம்பால அடிச்சிட்டு இருக்கு. ஏன் ஆயா, இங்க ஏரோப்ளேன் எறங்கி பாத்திருக்கியான்னு கேட்டேன். "எங்கப்பன் பாத்திருக்கு, சத்தம் கேட்டாலே மாட்ட அவுத்துவுட்டுட்டு ஓடுமாம்"னு சொல்லிச்சு. அப்பறம் என்னன்னு கேக்குறதுக்குள்ள "கால எடுய்யா, உளுந்த மிதிக்கிற"ன்னு ஒரு அதட்டல். அவ்ளோதான், மேல கேக்க வாய் வரல. இன்னொரு தடவ போனப்ப அது இல்ல.

செங்குன்றம் சேகரிப்பு:
சென்னை பக்கத்துல இருக்குற சோழவரத்த யாரும் சொல்லலையே! அதுவும் போர்க்கால ஏர்ஸ்ட்ரிப்தான். ஆனா எங்க தலைமுறைக்கு அது ரேஸ் மைதானம். ஐம்பதுகள்ல ஆரம்பிச்சு, இருங்காட்டுக்கோட்டைல தனி டிராக் வர்ற வரைக்கும், அதாவது 1990 வாக்குல வரைக்கும் ரேஸுன்னா சோழவரம்தான். மாமா தோள்ல உக்கார வெச்சு காட்டுனாரு. வளைவுல ஒரு பைக் சரிஞ்சு, ஓட்டுனவர் வேற பக்கம் உருண்டு போய், எழுந்து நின்னு மொதல்ல கையத் தட்டி மண்ண உதறுனாரு, பெறகுதான் பைக் எங்கன்னு தேடுனாரு. கூட்டம் மொத்தமும் சிரிச்சது, மாமா மட்டும் சிரிக்கல, என் கால கெட்டியா புடிச்சிருந்தாரு. ஏன்னு அப்ப புரியல, இப்ப கேக்க அவரு இல்ல.

வரலாறு வாத்தி:
"வெள்ளைக்காரன் போட்டது, அத விடுங்க"ன்னு அவ்ளோ ஈசியா தள்ளிட்டீங்களே தம்பி. அவன் ஆசைக்குப் போடல, பயத்துல போட்டான். 1942ல பர்மா கைய விட்டுப் போச்சு. அந்த வருஷம் ஏப்ரல்ல ஜப்பான்காரன் கொழும்புலயும் திருகோணமலையிலயும் குண்டு போட்டான், விசாகப்பட்டினம் காக்கிநாடா பக்கமும் போட்டான். மெட்ராஸ்ல ஜனங்க மூட்டை கட்டிக்கிட்டு ஊரக் காலி பண்ணுனாங்க. மெட்ராஸ் மேல குண்டே விழலன்னு யாராவது சொல்ல வந்தா, 1943 அக்டோபர்ல ஒரே ஒரு விமானம் வந்து துறைமுகம் பக்கம் போட்டுட்டுப் போச்சு, அதையும் சேத்து சொல்லுங்க. சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு எல்லாம் அந்தக் காலத்துப் புள்ளைங்கதான். என் அனுபவம்னு பெருசா இல்ல, கயத்தாறுல காத்தாலைக்கு நடுவுல நின்னு டீ குடிச்சிருக்கேன்.

ஓமலூர் மருமக:
எங்க கமலாபுரம், அதான் சேலம் ஏர்போர்ட், அந்தக் கதை வேற. 1993ல தொறந்தாங்க, கொஞ்ச நாள்ல நின்னுடுச்சு. 2009ல திரும்ப வந்து ரெண்டு வருஷத்துல அதுவும் நின்னுச்சு. 2018 மார்ச்ல, சின்ன ஊருக்கெல்லாம் கம்மி விலைல விமானம் விடுற மத்திய அரசு உடான் திட்டத்துல சென்னைக்கு விட்டாங்களே, அந்தப் புதுசுல மாமியாரக் கூட்டிட்டுப் போனேன். றெக்கைல ஃபேன் சுத்துதே, நின்னுடாதான்னு அவங்க கேட்டுக்கிட்டே வந்தாங்க, நான் சிரிச்சுக்கிட்டே வந்தேன். திரும்பி எறங்குறப்ப வேலிக்கு அந்தாண்ட காட்டுல ஒருத்தரு தலைல துண்டோட மம்முட்டி புடிச்சு தண்ணி திருப்பிட்டு இருந்தாரு. மாமியாரு ஜன்னல்ல கையாட்டுறாங்க, அவரு நிமிந்தே பாக்கல. அவ்ளோ சத்தத்துக்கு ஒரு மனுசன் எப்புடிங்க நிமிராம இருப்பாரு?

கெணத்துமேட்டுக்காரன்:
அக்கா, நிமிராததுக்குக் காரணம் நான் சொல்றேன். அந்த வருஷமே விரிவாக்கம்னு சொல்லி 500 ஏக்கருக்கு மேல எடுக்கப் போறாங்கன்னு பேச்சு வந்துருச்சு, பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடின்னு. அளக்க வந்தவங்க எங்க கெணத்துமேட்டுல கல்லு நட்டாங்க. எங்கம்மா ஒண்ணும் பேசல, சாயங்காலம் மாடு கட்டுறப்ப அந்தக் கல்லுலயே கயித்தக் கட்டுச்சு. அளக்குறவங்க மறுநா வந்து பாத்துட்டு கயித்த அவுக்கச் சொன்னாங்க. நீங்களே அவுத்துக்கங்கன்னுட்டு உள்ள போயிருச்சு. மாடு முட்டுற மாடு. ஏர்போர்ட் வேணாம்னு நான் சொல்லல, 2021ல சர்வீஸ் நின்னப்ப சிரிச்சவனும் நான் இல்ல. ஆனா "மறுபடி வந்துச்சு, ஊரு வளந்துச்சு"ன்னு 2023 அக்டோபர்ல ஸ்டேட்டஸ் போட்டவங்க ஒருத்தரும் எங்க தெருப்பக்கம் வரல.

ஓமலூர் மருமக:
தம்பி நான் சண்டைக்கு எழுதலப்பா. அந்த ஆளு மொகம் மனசுல நிக்குதுன்னுதான் எழுதுனேன்.

மேப்பு மாணிக்கம்:
செட்டிநாடு ரன்வேக்கு ஒருதடவ போனேன், கால்நடைப் பண்ணை எடத்துக்குள்ள இருக்கு, வாட்ச்மேன் திருப்பி அனுப்பிட்டாரு. அவ்ளோதான் கதை. ஆனா போக நெனைக்கிறவங்களுக்கு சில விஷயம். மொதல்ல சாட்டிலைட் மேப்புல பாருங்க, வயலுக்கு நடுவுல ஸ்கேல் வெச்சு கோடு போட்ட மாதிரி தெரியும், அதுக்கப்பறம் வண்டிய எடுங்க. எல்லாமே ஏதாவது ஒரு துறையோட எடம், கேட்டுட்டு உள்ள போங்க. ட்ரோன் எடுத்துட்டுப் போகாதீங்க, போனாலும் எந்த ஏரியா அனுமதி இல்லாம பறக்க விடக்கூடாத சிவப்பு மண்டலம்னு அரசு மேப்புல பாத்துட்டுப் பறக்க விடுங்க. ரன்வே முனைல நம்பர் ஏதாவது மிச்சம் இருக்கான்னு தேடுங்க, அது காம்பஸ் திசைய பத்தால வகுத்தது, 09ன்னா கிழக்க பாத்து, 27ன்னா மேற்க பாத்து. எந்தத் திசைல போட்டிருக்காங்கன்னு பாத்தா அந்த ஊரு காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு ஓரளவு சொல்லிடலாம், ஏன்னா எதிர்காத்துலதான் ஏத்துவாங்க எறக்குவாங்க. தண்ணி பாட்டில், தொப்பி, முழுக்கை சட்டை. மழை முடிஞ்ச கையோட போகாதீங்க, வெடிப்புல புல்லு முளைச்சு பாம்பு கெடக்கும். காலைல ஏழு மணிக்குள்ள போனா ஃபோட்டோவும் நல்லா வரும்.

நெய்வேலி நாப்பது:
மாணிக்கம், யாரும் டூர் பிளான் கேக்கலியே. எங்க டவுன்ஷிப்ல வாயுதூத் கம்பெனியோட டார்னியர்ங்குற குட்டி விமானம் வந்த காலம் எனக்கு ஞாபகம் இருக்கு, பத்தொம்போது சீட்டு. 1981ல ஆரம்பிச்ச கம்பெனி, சின்ன ஊருக்கெல்லாம் விட்டாங்க, 1993ல இந்தியன் ஏர்லைன்ஸோட கலந்துச்சு. ஸ்கூல் விட்டு வர்றப்ப தலைக்கு மேல தாழ வரும், உள்ள ஒரு மொட்டைத் தலை அசையுறது தெரியும், அது பைலட்டா பேசஞ்சரான்னு நானும் எந்தம்பியும் இன்னும் சண்டை போடுறோம். அவன் பைலட்டுங்குறான். பைலட்டு எதுக்குடா சைடு ஜன்னல்ல வந்து எட்டிப் பாக்கப்போறாரு?