பின்னாலேயே வருகிறவன் மேல் என்ன வழக்குப் போடலாம்? இலங்கைச் சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொக்குவில் அக்கா:
வணக்கம். தங்கச்சிக்கு 22 வயது, திருநெல்வேலியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். பின்னேரம் ஆறு மணி போல சைக்கிளில் வீட்டுக்கு வருவாள். மூன்று மாதமாக ஒருவன் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வருகிறான். முந்தி ஒரு தரம் விருப்பம் கேட்டான், இவள் நேரடியாகவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகுதான் இது. எங்கள் ஒழுங்கை முகப்பில் லைட்டை அணைத்துவிட்டு, இவள் படலையைத் திறந்து உள்ளே போகும்வரை இருட்டில் நிற்பான். கையைப் பிடித்ததில்லை. போன கிழமை வேறொரு நம்பரில் இருந்து, வேறு யாரையும் கட்டினால் முகத்தைப் பழுதாக்குவேன் என்று வொய்ஸ் அனுப்பியிருக்கிறான். இரண்டு நாளில் ஒரு போலி ஃபேஸ்புக் கணக்கில் இவளுடைய படமும் தொலைபேசி இலக்கமும் வந்துவிட்டது. பொலிசுக்குப் போனோம். "கை வைத்தானா? இல்லையென்றால் கூப்பிட்டு எச்சரித்து விடுகிறோம்" என்றார்கள். பின்தொடர்வதே ஒரு குற்றம் இல்லையா? என்ன தண்டனை?

வலிகாமத்தான்:
அக்கா, இது கட்டாயம் குற்றம்தான். 354டி என்று ஒரு பிரிவு இருக்கிறது, முதல் தரம் 3 வருடம், திரும்பவும் செய்தால் 5 வருடம் என்று ஒரு காணொளியில் ஒரு வக்கீல் தெளிவாகச் சொன்னார். அந்தப் பிரிவைச் சொல்லி எழுதிக் கொடுங்கள், எடுக்காமல் இருக்க முடியாது.

ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுதுநர்:
தம்பி நல்ல மனதோடு சொல்கிறார், ஆனால் அது இந்தியச் சட்டம். 2013இல் அவர்களுடைய தண்டனைச் சட்டத்தில் சேர்த்தது, 2024 ஜூலையில் இருந்து அங்கேயும் புதுச் சட்டத்தில் 78ஆம் பிரிவாகிவிட்டது. யாழ்ப்பாணத்து நீதவான் முன்னால் அதைச் சொல்லி ஒரு பயனும் இல்லை. அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு வந்து நின்று ஏமாந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

எங்கள் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் பின்தொடர்தல் என்ற பெயரில் தனிக் குற்றம் இல்லை. அதனால்தான் பொலிசில் கையை விரிக்கிறார்கள். ஆனால் அவன் செய்த ஒவ்வொன்றும் தனித்தனியாக ஒரு பிரிவுக்குள் வரும், தங்கச்சி. 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவு. 1995இல் 22ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தினார்கள். அதில் கை வைக்க வேண்டும் என்றே இல்லை, சொல்லாலோ செயலாலோ பாலியல் ரீதியாகத் தொல்லை கொடுத்தாலே போதும். 5 வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். அதற்கு மேல் நட்டஈடு கொடுக்கவும் நீதிமன்றம் கட்டளையிடலாம். எதிர்த்தரப்பு "நான் ரோட்டில்தானே நின்றேன், அதில் பாலியல் எங்கே" என்று வாதாடும், அதனால் விருப்பம் கேட்டு மறுத்த கதையில் இருந்தே முறைப்பாடு தொடங்க வேண்டும்.

அந்த வொய்ஸ்தான் பெரிய விஷயம். 486ஆம் பிரிவில் சாதாரண மிரட்டலுக்கு 2 வருடம் வரை, ஆனால் சாவையோ கடும் காயத்தையோ சொல்லி மிரட்டினால் 7 வருடம் வரை போகும். முகத்தை நிரந்தரமாக உருக்குலைப்பது சட்டத்தில் கடும் காயம்தான், 311ஐ எடுத்துப் பாருங்கள். இலக்கத்தையும் படத்தையும் போட்டது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்குள் வரும். தொல்லை கொடுக்கும் நோக்கத்தோடு ஒருவரின் தனிப்பட்ட தகவலை வெளியிட்டால் 5 வருடம் வரை சிறையோ 5 லட்சம் ரூபா வரை தண்டமோ என்று இருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். சில இடங்களில் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 81ஆம் பிரிவில், சமாதானக் குலைவு என்று இரண்டு பகுதியையும் கொண்டுபோய், இனி அமைதியாக இருப்போம் என்று பிணைமுறியில் கையெழுத்து வைக்கச் சொல்வார்கள். அதற்குச் சம்மதிக்க முதல் ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கள், ஏனென்றால் தங்கச்சி சண்டைக்காரி இல்லை, பாதிக்கப்பட்டவள். கையில் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் உண்டு.

மழைக்காலம்:
அக்கா, நான் இதை அனுபவித்தவள். எனக்கு அது கட்டி, பிரிந்த ஆள், அதனால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்க முடிந்தது. முதலில் 14 நாளுக்கு இடைக்காலக் கட்டளை, பிறகு 12 மாதம் வரை. பின்னால் வரக்கூடாது, வேலையிடத்துக்கு வரக்கூடாது என்றெல்லாம் அதில் போடலாம், மீறினால் ஒரு வருடம் வரை சிறை. ஆனால் அந்தச் சட்டம் கணவன், முன்னாள் கணவன், சேர்ந்து வாழ்பவர், உறவுக்காரர் என்று நெருங்கியவர்களுக்கு மட்டும்தான். ரோட்டில் வருகிற வெளியாளுக்கு அது பொருந்தாது. நினைக்க எரிச்சலாக இருக்கிறது. கட்டியவனிடம் இருந்து எனக்குக் கிடைத்த பாதுகாப்பு, கட்டமாட்டேன் என்று சொன்ன பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

சரி, இப்ப செய்யக்கூடியது. ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியை எடுத்துத் திகதி, நேரம், எந்தச் சந்தி, மோட்டார் சைக்கிள் இலக்கம், பக்கத்தில் யார் நின்றார்கள் என்று ஒவ்வொரு நாளும் எழுதச் சொல்லுங்கள். அந்த வொய்ஸை அழிக்க விடாதீர்கள், அது வந்த ஃபோனையும் விற்கவோ மாற்றவோ வேண்டாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே சொல்லுங்கள். நீங்கள் சொல்லும் மொழியில் எழுதி உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் 109 சொல்கிறது. வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நான் முதல் தரம் அப்படிப் போட்டுவிட்டு வந்தேன், பிறகு பார்த்தால் "குடும்பப் பிரச்சினை" என்று இரண்டு வரி. பெண்கள், சிறுவர் பிரிவில் பெண் உத்தியோகத்தரைக் கேளுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938க்கு அடித்தாலும் வழி சொல்வார்கள்.

சான் ஹோசே குமரன்:
நான் இருப்பது கலிபோர்னியாவில். அமெரிக்காவிலேயே முதன்முதல் இதற்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இதுதான், 1990இல். 646.9 என்ற பிரிவு. திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து அல்லது தொல்லை கொடுத்து, ஆளோ குடும்பமோ பயப்படும்படி நம்பத்தக்க மிரட்டலும் விட்டிருந்தால் குற்றம். இங்கே ஒரே குற்றத்தை இரண்டு தரமாகப் பார்ப்பார்கள், அரச வழக்கறிஞர் சிறு குற்றமாகவும் போடலாம், பெருங்குற்றமாகவும் போடலாம். சிறு குற்றம் என்றால் ஒரு வருடம் வரை கவுண்டிச் சிறை. நீதிமன்றத் தடைக் கட்டளை இருக்கும்போதே செய்தால் 2, 3 அல்லது 4 வருடம். டெக்சாசில் முதல் தரமே பெருங்குற்றம், 2 முதல் 10 வருடம். இந்த இரண்டு மாநிலத்திலும் ஒவ்வொரு செயலாகப் பிரித்துப் பார்க்காமல் மூன்று மாதத்தையும் ஒரே குற்றமாகச் சேர்த்துப் பார்க்கிறார்கள், இலங்கையில் இல்லாதது அதுதான். மழைக்காலம் சொன்ன கொப்பி அந்தக் குறையைக் கொஞ்சமாவது அடைக்கும்.

கொக்குவில் அக்கா:
எல்லாருக்கும் நன்றி. திங்கள் காலமை அம்மாவும் நானும் தங்கச்சியும் போனோம். பெண் உத்தியோகத்தர் இருந்தார். வொய்ஸைப் போட்டுக் காட்டினோம், அவர் முகம் மாறிவிட்டது, இரண்டாம் தரம் போடச் சொல்லிக் கேட்டார். வாசித்துக் காட்டச் சொன்னோம். "காதல் தகராறு" என்று தொடங்கியிருந்தது. தங்கச்சிதான், "எனக்கும் அவருக்கும் ஒரு காதலும் இல்லை மிஸ், அதை வெட்டுங்கோ" என்றாள். வெட்டி, மிரட்டல் என்று எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைத்தார். நாளைக்குச் சட்ட உதவிக்குப் போகிறோம், கொப்பியில் 11 நாள் எழுதியாகிவிட்டது.