பிரியாவிடை விருந்துக்கு வேன் வேண்டும், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பெங்களூர் நண்பர்களுக்கு வணக்கம். அல்சூரில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கும் அவள் தோழிகளுக்கும் பிரியாவிடை விருந்து, தேவனஹள்ளிப் பக்கம் ஒரு ரிசார்ட்டில். கோட்டு, கவுன், நடனம் என்று அமெரிக்கப் பள்ளிகளின் ப்ராம் விருந்து போலவே. போக்குவரத்து பெற்றோர் பொறுப்பாம்.

பிள்ளைகளுக்கு லிமோசின் ஆசை. ஹெப்பாள் நெரிசலில் அந்த நீளக் காரை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது. பேசிப் பேசி 12 சீட் டெம்போ டிராவலருக்கு இறக்கிவிட்டோம்.

குழப்பம் வாடகையில்தான். எல்லோரும் 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் வரை ஒரே தொகை என்றே ஆரம்பிக்கிறார்கள். ஆனால் கணக்கு வண்டி நிற்கும் ஷெட்டிலிருந்து ஓடுமா, நாங்கள் ஏறும் இடத்திலிருந்தா? மாலை நான்குக்குக் கிளம்பினால் திரும்ப நள்ளிரவு தாண்டும். கூடுதல் மணிக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா, இரவுக் கட்டணம், சாதஹள்ளி டோல் எல்லாம் தனியா? நீங்கள் கடைசியாகக் கொடுத்த மொத்தத் தொகையைச் சொன்னால் பேரம் பேச வசதி.

ஒருவர் வெள்ளை போர்டு வண்டியைக் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு, விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் சிக்கல். வாடகை வண்டிக்கான மஞ்சள் போர்டுதான் வேண்டும்.

அப்புறம், இரவில் நிதானமாக ஓட்டுகிற, தமிழோ கன்னடமோ பேசுகிற டிரைவர் யாரையாவது தெரிந்தால் இன்பாக்ஸில் எண் அனுப்புங்கள். எங்களில் ஓர் அம்மாவும் வண்டியில் கூடப் போகிறார். முன்பணம் எவ்வளவு வரை கொடுக்கலாம்?