புதுப்பிப்பு: கணக்கை விட்டுவிட்டு குரூப் மாறலாமா என்று கேட்டிருந்தேன், என்ன ஆனது என்று சொல்கிறேன்

பிளஸ் ஒன் காலாண்டில் கணக்கில் 31 வாங்கிய பயத்தில், பயோ மேத்ஸிலிருந்து கணக்கே இல்லாத பியூர் சயின்ஸுக்கு மாறலாமா என்று கேட்டேன். பதில் சொன்ன அண்ணன், அக்கா எல்லோருக்கும் நன்றி.

மாறவில்லை. பொறியியல் கலந்தாய்வில் 200க்குப் போடும் கட் ஆஃபில் கணக்குக்கு மட்டும் 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று ஒரு அக்கா எழுதியதைப் படித்ததும்தான் எதை விடப் பார்த்தேன் என்று உறைத்தது. மருத்துவம் மட்டுமே ஆசை என்றால் நீட்டுக்குக் கணக்கு வேண்டாம், அவர்கள் தாராளமாக மாறலாம். எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

உண்மையில் கைகொடுத்தது இன்னொரு அண்ணன் சொன்னது: முதலில் விடைத்தாளை எடுத்து மார்க் எங்கே போகிறது என்று பார். பார்த்தேன். சிவப்பு மை முக்கால்வாசி முக்கோணவியலில்தான், அதுவும் பத்தாம் வகுப்பில் படித்திருக்க வேண்டிய சூத்திரங்களைப் போடும் இடத்தில், சைனுக்கும் காஸுக்கும் குறி மாற்றி எழுதி எழுதி அடி வாங்கியிருந்தேன்.

மஞ்சக்குப்பத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் காலை ஆறு மணிக்குப் போய், பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்தே ஆரம்பித்தேன். முதல் மூன்று வாரம் மார்க் அசையவே இல்லை, அழுகை வந்தது. அப்புறம் அரையாண்டில் 54, ஆண்டுத் தேர்வில் 73.

எதிர்பாராதது, இயற்பியலும் ஏறியது. வெக்டரைக் கூறு பிரிக்க அதே சைன், காஸ்தானே.

குரூப் மாறுவதாக இருந்தால் தள்ளிப்போடாமல் பள்ளியில் கேட்டுவிடுங்கள், நான் விசாரித்தபோதே பாதிப் பாடம் நடந்துவிட்டது என்று தயங்கினார்கள்.