ஒரே கேபிளில் நெட்டும் கரண்டும்: எல்லையோரத்தில் பிஓஇ போட்டவர்கள் அனுபவம் சொல்லுங்க

கம்பம்மெட்டு:
கம்பத்தில் இருந்துகொண்டு வண்டன்மேடு, கட்டப்பனை பக்கம் ஏலத்தோட்டங்களுக்குக் கேமராவும் வைஃபையும் போட்டுக் கொடுக்கிறேன். தோட்டத்து வாசல், எடை போடும் இடம், தண்ணீர்த் தொட்டி மேடு, எங்கேயும் பிளக் பாயிண்ட் இருக்காது. ஸ்டோரில் ஒரு யுபிஎஸ், ஒரு பிஓஇ (பவர் ஓவர் ஈதர்நெட்) சுவிட்ச், அதாவது பல நெட் கேபிள்களை இணைத்து அவற்றிலேயே கரண்டும் ஏற்றும் பெட்டி, வைத்துவிட்டால், அங்கிருந்து நெட் கேபிளிலேயே டேட்டாவும் கரண்டும் போய்விடும். மின்சாரம் அடிக்கடி போகிற மலையில் இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

நான் பார்த்ததில் எல்லோருக்கும் பயன்படக்கூடிய ஒரு கோளாறைச் சொல்கிறேன். ஒரு தோட்டத்தில் வாசல் கேமரா இருட்டினதும் அணைந்து அணைந்து எரியும். விடிந்தால் சரியாகிவிடும். பனிமூட்டம் இறங்குகிற நாளில் மத்தியானம் மூன்று மணிக்கே ஆரம்பித்துவிடும். முதலாளி "பனி ஈரம் உள்ளே இறங்கிடுச்சு" என்று சொல்லிக் கேமராவையே மாற்றிவிட்டார். புதுசும் அதேபோல்தான். போய்ப் பார்த்தால், உண்மையான பிஓஇயே இல்லை. முன்னால் வேலை செய்தவர்கள் 12 வோல்ட் அடாப்டரை ஸ்ப்ளிட்டர் வைத்து நெட் கேபிளில் ஏற்றியிருந்தார்கள். தூரம் 60 மீட்டர் இருக்கும். கேபிளும் சிசிஏ, அதாவது அலுமினியத்தின் மேல் செம்பு பூசினது. கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

பகலில் கேமரா முனையில் மீட்டர் 9 வோல்ட் காட்டியது. அதில் தட்டுத்தடுமாறி ஓடுகிறது. வெளிச்சம் குறைந்ததும் ஐஆர் விளக்கு, அதாவது இருட்டில் படம் பிடிக்க உதவும் அகச்சிவப்பு விளக்கு, எரிய ஆரம்பிக்கும், கேமரா இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அப்போது வோல்டேஜ் தடாலென்று விழுந்து கேமரா அணையும். அணைந்ததும் பாரம் போய்விடுவதால் வோல்டேஜ் ஏறும், கேமரா உயிர்பெறும், மறுபடி ஐஆர் எரியும், மறுபடி விழும். விடியவிடிய இதேதான். பனி ஈரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பனி வெளிச்சத்தை மறைத்ததுதான் காரணம்.

பிஓஇக்கு 48 வோல்ட் வைத்ததே இதற்காகத்தான். 6 வாட் கேமராவுக்கு 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் போகணும்; 48 வோல்ட்டில் அதில் கால் பங்கு போதும். கரண்ட் கால் பங்கானால் கம்பியில் வீணாகும் சக்தி பதினாறில் ஒன்றாகிவிடும். 2003ல் வந்த 802.3ஏஎஃப் என்ற பிஓஇ தரவிதியின் கணக்கே இதைச் சொல்லிவிடும்: சுவிட்ச் 15.4 வாட் கொடுக்கும், 100 மீட்டர் தாண்டிக் கருவிக்கு 12.95 வாட் நிச்சயம். மீதி கேபிளில் சூடாகப் போகிறது என்று முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். சுவிட்ச் வைத்து, முழுச் செம்பு கேபிள் இழுத்தேன். அதற்கப்புறம் அங்கிருந்து போன் வரவில்லை.

புளியரை:
அண்ணே, எங்கள் பக்கம் இடிதான் பிரச்சினை. ஐப்பசியில் மத்தியானத்துக்கு மேல் ஆரியங்காவு மலையில் இடி இறங்க ஆரம்பித்தால் சாயங்காலம் வரை விடாது. ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பங்களாவுக்கும் புகைக்கூடத்துக்கும் நடுவே கேபிள் ஓடியது. இடி எங்கேயோ தள்ளி விழுந்தது. சுவிட்சில் அந்த வரிசை போர்ட் எல்லாம் போச்சு. இரண்டு கட்டடத்துக்கும் தனித்தனி எர்த். இடி இறங்கும்போது இரண்டு மண்ணுக்கும் இடையில் வோல்டேஜ் வித்தியாசம் எகிறும், அது செம்புக் கம்பி வழியாகத்தான் ஓடும். இப்போது கட்டடத்துக்குக் கட்டடம் ஃபைபர்தான் போடுகிறேன். ஃபைபரில் கரண்ட் போகாது, அந்த முனையில் தனி சுவிட்சும் யுபிஎஸ்ஸும் வேண்டும், செலவு கூடும். ஆனாலும் அதுதான் சரி. ஒரே கட்டடத்துக் கம்பத்துக்கு என்றால் சர்ஜ் ப்ரொடெக்டர் (திடீரென்று எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிடும் கருவி) போதும், எர்த் வயர் மட்டும் குட்டையாகத் தடிமனாக இருக்கணும்.

கொழிஞ்சாம்பாறை:
வேலந்தாவளம் பக்கம் ஒரு கடையில் நடந்ததைச் சொல்றேங்க. தென்னந்தோப்புக்கு வைஃபை அனுப்பக் கூரை மேல் ஒரு ரேடியோ, கீழே 24 வோல்ட் பாசிவ் இன்ஜெக்டர், அதாவது நெட் கேபிளில் கரண்டை ஏற்றும் சின்னப் பெட்டி. துடைக்கும்போது கழற்றிய கேபிளைத் திரும்ப மாட்டுகையில், ரேடியோவுக்கான துளையில் பில் போடும் கணினியின் கேபிள் போய்விட்டது. எரிஞ்ச வாடை வந்துச்சு, கணினியின் நெட் போர்ட் போச்சு.

முறையான பிஓஇ சுவிட்ச் இப்படிச் செய்யாதுங்க. முதலில் 10 வோல்ட் அளவுக்குள் லேசாகத் தொட்டுப் பார்க்கும். எதிர்முனையில் 25 கிலோ ஓம் தடை இருந்தால் மட்டும், இது பிஓஇ கருவி என்று முழு வோல்டேஜையும் திறந்துவிடும். இல்லாவிட்டால் வெறும் டேட்டா போர்ட்டாக இருந்துவிடும். பாசிவ் எதையும் கேட்காது. 4, 5, 7, 8 கம்பிகளில் எந்நேரமும் கரண்ட் நிற்கும். அந்தத் துளைக்குச் சிவப்பு டேப் ஒட்டாமல் நான் எந்த இடத்தையும் விட்டு வருவதில்லை.

நகரி:
எங்கள் தறிக்கூடத்தில் கடைசியாக மாட்டின கேமரா மட்டும் வேலை செய்யவில்லை அண்ணா. ஒவ்வொரு போர்ட்டும் 30 வாட், எட்டு போர்ட் என்று சுவிட்ச் வந்த அட்டைப்பெட்டியில் இருந்தது. கேபிளை மாற்றினோம், கேமராவை மாற்றினோம்.

கம்பம்மெட்டு:
நகரி தம்பி, சுவிட்ச் அடாப்டரில் மொத்த வாட் எவ்வளவு என்று பாருங்கள். 30 வாட் என்பது 2009ல் வந்த 802.3ஏடி தரவிதி ஒரு போர்ட்டுக்கு வைத்த உச்சம். எட்டுக்கும் சேர்த்து 240 வாட் கொடுக்கும் சுவிட்ச் விலையே வேறு. சின்ன சுவிட்சில் 65 வாட் அடாப்டர்தான் வரும். மொத்தக் கணக்கு தீர்ந்ததும் மிச்ச போர்ட்டைத் திறக்காது. ஒரு கேமராவைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், கடைசிக் கேமரா எழுந்தால் காரணம் அதுதான். காற்றோட்டத் துளையில் பஞ்சு அடைத்திருந்தால் அதையும் ஊதிவிடுங்கள்.

நகரி:
அடாப்டரில் 60 வாட்தான் போட்டிருக்கு அண்ணா. வாசல் கேமராவைக் கழற்றினேன், கடைசிக் கேமரா உடனே வந்துடுச்சு. பெரிய அடாப்டர் மாட்டலாமா, இல்லை சுவிட்சையே மாற்றணுமா?

கம்பம்மெட்டு:
அடாப்டரை மட்டும் மாற்றினால் சுவிட்ச் தன் கணக்கை மாற்றிக்கொள்ளாது. நாலு போர்ட் சுவிட்ச் இன்னொன்று வாங்கித் தறிக்கூடத்தின் அந்தக் கோடியில் வையுங்கள், கேபிள் நீளமும் குறையும்.