கனடாவின் பிரெஞ்சு வகுப்பைக் காட்டித் தமிழ்ப்பள்ளி வேண்டாம் என்கிறார் கணவர்

கேள்வி: செம்பருத்தி, சுங்கை சிப்புட், மலேசியா

மகள் அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுக்குப் போகிறாள். தமிழ்ப்பள்ளி வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். கணவரோ டவுனில் இருக்கும், மலாய்மொழியில் நடக்கும் தேசியப் பள்ளிதான் என்று நிற்கிறார். "கனடாவில் வெள்ளைக்காரப் பிள்ளைகளை முழுக்கப் பிரெஞ்சில் படிக்க வைக்கிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் மறந்தா போயிற்று?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் வரவில்லை. அந்த வகுப்புகள் எப்படித் தொடங்கின? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பழைய வாத்தியார்

அம்மா, அவர் சொல்வது உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

மாண்ட்ரியலுக்கு எதிர்க்கரையில் செயின்ட் லாம்பர்ட் என்ற புறநகர். அங்கே ஆங்கிலம் பேசும் பெற்றோருக்கு ஒரு மனக்குறை: ஊரைச் சுற்றிலும் பிரெஞ்சு, பிள்ளைகளோ அதை ஆண்டுக்கணக்கில் பாடமாகப் படித்தும் நாலு வார்த்தை பேசத் தெரியாமல் இருந்தார்கள். 1963இல் சிலர் கூடிப் பேசி, தயங்கிய கல்வி வாரியத்தை விடாமல் நெருக்கினார்கள். 1965 செப்டம்பரில் பாலர் வகுப்பு ஒன்று பிறந்தது. ஆசிரியை பேசியது பிரெஞ்சு மட்டும். குழந்தைகள் ஆங்கிலத்தில் பதில் சொன்னால் அதட்டவில்லை. முதலாம் வகுப்பில் எழுத்தறிவும் பிரெஞ்சிலேயே. இரண்டாம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தைப் பாடமாகக் கொண்டுவந்து, படிப்படியாகக் கூட்டினார்கள்.

மெக்கில் பல்கலைக்கழகத்தின் வாலஸ் லாம்பர்ட்டும் ரிச்சர்ட் டக்கரும் அந்தப் பிள்ளைகளை ஆண்டுதோறும் சோதித்து, 1972இல் நூலாக்கினார்கள். ஆங்கில வாசிப்பு தொடக்கத்தில் பின்தங்கியது, பிறகு சமமானது. கணக்கில் குறைவில்லை. 1969இல் அலுவல் மொழிச் சட்டம் வந்தபின் இம்முறை நாடெங்கும் பரவியது.

ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் வீட்டில் இருந்தது, தொலைக்காட்சியில் இருந்தது, அப்பாவின் அலுவலகத்தில் இருந்தது, பள்ளியே அதைத் திரும்பவும் கையில் கொடுத்தது. வலுவான மொழிமேல் இன்னொன்று ஏறியது. லாம்பர்ட்டே பின்னாளில் இதைப் பிரித்துச் சொன்னார்: புது மொழி பழையதோடு சேர்ந்தால் அது கூட்டும் இருமொழி, பழையதைத் தள்ளிவிட்டு வந்தால் அது கழிக்கும் இருமொழி. நம் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைக் கையில் கொடுக்க வேறு யார் இருக்கிறார்கள்?

செம்பருத்தி

நன்றி ஐயா. என் பயம் வேறு. நான் தமிழ்ப்பள்ளியில் படித்து, மலாய்வழி இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்கு முன் ஓராண்டு நடக்கும் புகுமுக வகுப்புக்குப் போனவள். முதல் வாரம் ஆசிரியை மலாயில் "ரிங்காஸ்கான்" என்றார். சுருக்கி எழுதச் சொல்கிறார் என்று புரியாமல், முழுப் பத்தியையும் கோடு பிசகாமல் அழகாகப் படியெடுத்து நீட்டினேன். வகுப்பே சிரித்தது. மகளுக்கு அது வேண்டாம்.

பழைய வாத்தியார்

அந்தச் சிரிப்பு எவ்வளவு சுடும் என்று எனக்குத் தெரியும், அம்மா. மலாய்மொழியை முதலாம் ஆண்டிலிருந்தே ஊன்றிக் கற்பிக்க வேண்டும். பள்ளியில் அதை யார் எடுக்கிறார் என்று நேரில் போய்க் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இன்னொன்றும் கணவரிடம் சொல்லுங்கள். கனடாவிலேயே ஆறாம், ஏழாம் வகுப்பில் பிரெஞ்சுக்கு மாறும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நம் பிள்ளையும் ஆறு ஆண்டு தமிழில் வேர்விட்டு, இடைநிலைப் பள்ளியின் படிவம் ஒன்றில் மலாய்க்குள் இறங்குகிறது. அவர் கேட்கும் கனடா முறை நம் வாசலிலேயே இருக்கிறது.

பதில்: பால்மரம்

நான் தேசியப் பள்ளியில் படித்தவன். 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழ் வகுப்பு என்பது விதி. எங்கள் பள்ளியில் அத்தனை பேர் சேரவில்லை. நாற்பது வயதில்தான் எழுத்துக் கற்றேன். அச்செழுத்து வருகிறது, கையெழுத்து வரவில்லை. அப்பா ரப்பர் தோட்டத்தில் மண்டோராக, அதாவது வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணியாக இருந்தார். அவர் விட்டுப்போன நோட்டுப் புத்தகத்தில் மழை நாள், பால் எடை என்று வரிசையாக எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்தில் நான் பிறந்த தேதி இருக்கிறது. அதன்கீழ் நான்கு வரி, பென்சிலில், கூட்டெழுத்தாக. தேதியை மட்டும் படிக்கிறேன்.

பழைய வாத்தியார்

தம்பி, அந்தப் பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். படித்துச் சொல்கிறேன்.