ஆச்சிக்குப் பிடித்த பாட்டு யாருடையது?

(குடும்பத்தின் இணையக் குழுவில் நடந்த உரையாடல்)

சித்தி: அம்மாவின் நினைவு நாளுக்காக, அவருக்கு மிகவும் பிடித்த 1962ஆம் ஆண்டுத் திரைப்பாடல் ஒன்றை அவருடைய புகைப்படங்களோடு சேர்த்து யூடியூபில் ஏற்றியிருந்தேன். பதிப்புரிமை வேறொருவருக்கு இருப்பதாகவும், விளம்பர வருமானம் வந்தால் அவர்களுக்கே சேரும் என்றும் இன்று அறிவிப்பு வந்திருக்கிறது. நான் ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்கவில்லை. கவிஞர், இசையமைப்பாளர் பெயர்களையும் மறக்காமல் எழுதியிருக்கிறேன். பிறகு என்ன குறை?

திருச்சி மாமா: முப்பது நொடிக்குள் இருந்தால் யாரும் கேட்க முடியாதாம். வெட்டிவிட்டு மறுபடியும் ஏற்று, தங்கச்சி.

வக்கீல் அக்கா: மாமா, அந்த முப்பது நொடிக் கணக்கு நம் சட்டத்தில் எங்குமே இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சொந்தப் பயன்பாடு, ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகிய நோக்கங்களுக்காக நியாயமாகக் கையாள்வதைத்தான் அனுமதிக்கிறது. சித்தி அந்தப் பாட்டை வீட்டில் நாள் முழுவதும் கேட்கலாம். ஊரே பார்க்கும் இடத்தில் முழுப் பாட்டையும் வைத்தால் அது சொந்தப் பயன்பாடு ஆகாது. காசு வாங்காததும் பெயர் போட்டதும் நல்ல பண்புதான், ஆனால் அவை அனுமதிக்கு ஈடாகா.

அண்ணன் (நியூ ஜெர்சி): இங்கே அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 107ஆம் பிரிவும் நொடிகளை எண்ணுவதில்லை. பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தைக்கு நேரும் பாதிப்பு ஆகிய நான்கையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

பெரியப்பா: எல்லாம் சரி, 60 ஆண்டுகளில் உரிமை முடிந்துவிடும் என்று படித்திருக்கிறேனே? 1962 பாட்டுக்கு அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது அல்லவா?

வக்கீல் அக்கா: நல்ல கேள்வி, பெரியப்பா, எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் என்பதால், அந்த இசைத்தட்டின் உரிமை 2022 டிசம்பரோடு முடிந்தது. ஆனால் வரிகளுக்கும் மெட்டுக்கும், படைத்தவர் மறைந்த பிறகுதான் 60 ஆண்டுகள் தொடங்குகின்றன. கண்ணதாசன் எழுதிய பாட்டு என்றால், அவர் 1981இல் மறைந்ததால் அவருடைய வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு. விசுவநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து அமைத்த மெட்டு என்றால், பின்னால் மறைந்தவரைக் கொண்டு கணக்கிடுவதால், எம்.எஸ்.வி. மறைந்த 2015இலிருந்து எண்ணி 2075வரை போகும். சித்தியே பாடி ஏற்றினாலும் இவ்விரண்டும் அப்படியே நிற்கும்.

சித்தி: அப்படியானால் பாரதியார் பாட்டைப் பாடினால்?

வக்கீல் அக்கா: வரிகளுக்குத் தடையே இல்லை. அவருடைய படைப்புகளின் உரிமையை அரசு 1949இல் பெற்றுப் பின்னர் மக்களுக்கே பொதுவாக்கிவிட்டது. ஆனால் ஏதாவதொரு படத்தில் வந்த மெட்டில் பாடினால், அந்த மெட்டு இசையமைத்தவர் கணக்கில் வரும்.

திருச்சி மாமா: போகிற போக்கைப் பார்த்தால், நம் வீட்டுக் கல்யாணத்தில் விடிய விடியப் பாட்டுப் போட்டதற்கும் பில் வரும்போல் இருக்கிறது!

வக்கீல் அக்கா: வராது, மாமா. திருமண ஊர்வலத்திலும் அதை ஒட்டிய விழாக்களிலும் பாட்டு ஒலிப்பதை அதே 52ஆம் பிரிவு விலக்கி வைத்திருக்கிறது. கல்யாண வீடியோவை அந்தப் பாட்டோடு இணையத்தில் ஏற்றுவதற்கு அந்த விலக்கு பொருந்தாது.

சித்தி: இப்போது என் வீடியோவை நீக்கிவிட வேண்டுமா, கண்ணு?

வக்கீல் அக்கா: பாட்டு எங்களுடையது என்று உரிமையாளர் சொல்லும் உரிமைக் கோரிக்கை வேறு, சேனலுக்கு எதிராக யூடியூப் பதியும் எச்சரிக்கைப் புள்ளி (ஸ்ட்ரைக்) வேறு, சித்தி. உங்களுக்கு வந்திருப்பது முதல் வகை. அதனால் சேனலுக்குப் பொதுவாக ஆபத்து இல்லை. உரிமையாளர் விளம்பரத்தோடு ஓடவிட்டிருப்பதால் வீடியோ அப்படியே இருக்கலாம், ஆனால் நாளை அவர்கள் மனம் மாறித் தடுத்தால் நாம் குறை சொல்ல முடியாது. ஆச்சிக்கு எந்தச் சரணம் ஏன் பிடித்தது என்று நீங்களே பேசி, அந்தச் சில வரிகளை மட்டும் எடுத்துக்காட்டினால், விமர்சனம் என்று வாதாட ஓரளவு இடம் கிடைக்கும்.

பெரியப்பா: அதையே செய், அம்மா. முழுப் பாட்டுக்கு, உரிமை பெற்ற தளத்தின் இணைப்பைக் கீழே கொடுத்துவிடு. மாப்பிள்ளை, நீங்கள் சற்று முன் இங்கே போட்ட எம்பி3 கோப்பையும் நீக்கிவிடுங்கள்.

திருச்சி மாமா: நீக்கிவிட்டேன், அத்தான். அதற்குள் எட்டுப் பேர் இறக்கிக்கொண்டார்கள்.