பதில்: 'ஃபெல்லோஷிப்' முடித்த விளையாட்டு அறுவை மருத்துவர் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம். எலும்பு அறுவையில் முதுகலை முடித்த மருத்துவர், அதன் ஒரு சிறு பிரிவில் மட்டும் மேற்கொண்டு பெறும் பயிற்சியை ஃபெல்லோஷிப் என்கிறார்கள். விளையாட்டுக் காயங்களுக்காக அதை முடித்த அறுவை மருத்துவரை நம் அகராதியில் எப்படி எழுதுவது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> 'நுண்துறைப் பயிற்சி' என்றே வைத்துவிடலாமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

ஃபெல்லோஷிப்புக்குப் பினாங்கு டீச்சர் தந்த இந்தச் சொல் அழகானது. ஆனாலும் இந்த இடத்துக்கு வேண்டாம் என்று நினைக்கிறேன். சிறு துளையிட்டுக் கருவியை உள்ளே செலுத்திச் செய்யும் அறுவையை 'நுண்துளை அறுவை' என்று பத்திரிகைகள் ஏற்கனவே எழுதி வருகின்றன. நாம் பேசும் மருத்துவர்கள் முழங்காலிலும் தோளிலும் அன்றாடம் செய்வது அதுதான். 'நுண்துறைப் பயிற்சி பெற்றவர் நுண்துளை அறுவை செய்வார்' என்று ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள் டீச்சர். காதால் கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகிவிடும்.

நான் கோலாலம்பூரில் பிசியோவாக வேலை செய்கிறேன். ஃபுட்சால் ஆடி முழங்கால் நார் அறுந்த பிள்ளைகள், பூப்பந்து ஆடித் தோள் பாதித்த பெரியவர்கள் என்று பலரைப் பார்க்கிறேன். கூட வரும் அம்மா அப்பா கேட்பது ஒன்றுதான்: "இந்த டாக்டர் இதுக்குன்னே படிச்சவரா?" நாம் ஆக்கும் சொல் அந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும். அதனால் அவர் படித்து வந்த வழியை முதலில் எழுதுகிறேன்.

நம் நாட்டில் மருத்துவப் பட்டம் பொதுவாக 5 ஆண்டு. அப்புறம் மருத்துவமனையில் ஹவுஸ்மேன் என்னும் தொடக்கப் பயிற்சி 2 ஆண்டு. பிறகு மருத்துவ அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே எலும்பு அறுவைத் துறையில் இடம் தேட வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகம், யூ.கே.எம்., யூ.எஸ்.எம். ஆகிய பல்கலைக்கழகங்களில் அந்த முதுகலை 4 ஆண்டு. அதை முடித்தவர் எலும்பு முறிவு, மூட்டு மாற்று, முதுகெலும்பு, கை, குழந்தைகளின் எலும்புக் குறைபாடு என்று எல்லாவற்றிலும் கைபட்டவர். சிறப்பு மருத்துவர் ஆவதற்கான படிப்பு அவரிடம் இருக்கிறது. ஆனால் முழங்காலில் அறுந்த முன் சிலுவை நாரை (ஏ.சி.எல்.) புதிதாக அமைப்பதையோ, அடிக்கடி நழுவும் தோளை நிலைநிறுத்துவதையோ தன் முழு வேலையாக எடுத்துக்கொள்ள விரும்பினால், அதற்குப் பிறகும் ஒரு படி இருக்கிறது. ஃபெல்லோஷிப் என்கிறோமே, அந்தப் படி இதுதான்.

அமெரிக்காவில் இந்த வரிசை இன்னும் தெளிவு: கல்லூரி 4, மருத்துவப் பள்ளி 4, எலும்பு அறுவையில் ரெசிடென்சி என்னும் மருத்துவமனைத் துறைப் பயிற்சி 5, அதன்மேல் விளையாட்டுக் காயங்களுக்கு மட்டும் 1 ஆண்டு ஃபெல்லோஷிப். 2007 முதல் அதற்கென்று தனிச் சான்றிதழ்த் தேர்வும் நடக்கிறது. அந்த ஓராண்டில் பயில்பவர் அறுவைக் கூடத்திலேயே இருந்துவிடுவதில்லை. அணிகளோடு மைதானத்துக்குப் போகிறார், ஆட்டத்தின் நடுவில் விழுந்தவரைப் பார்க்கிறார், யாரை மீண்டும் ஆட அனுப்பலாம் என்று முடிவெடுக்கப் பழகுகிறார். முழங்காலுக்குள் கிழிந்த சவ்வை (மெனிஸ்கஸ்) தைப்பதா, வெட்டி எடுப்பதா, எதுவும் செய்யாமல் பயிற்சிக்கு அனுப்புவதா என்ற தேர்வை நூற்றுக்கணக்கான முழங்கால்களில் பார்த்துத்தான் கற்க முடியும். கத்தி வேண்டாம் என்று சொல்லத் தெரிவதை நான் பெரிதாக மதிக்கிறேன். அப்படி அனுப்பப்பட்டு, பயிற்சியிலேயே தேறி ஆடப் போனவர்களை என் அறையில் பார்க்கிறேன்.

> 'விளையாட்டு மருத்துவர்' போதாதா? எதற்கு நீளமாக?

சென்னை நண்பரே, இங்கே அது போதாது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு மருத்துவத்துக்குத் தனி முதுகலை இருக்கிறது. அதை முடித்தவர் அறுவை மருத்துவர் அல்லர். காயத்தைக் கண்டறிவது, ஊசி, மருந்து, உடற்பயிற்சித் திட்டம், ஆட்டத்துக்குத் திரும்ப வழிநடத்துவது எல்லாம் அவர் வேலை. 'விளையாட்டு மருத்துவர்' என்ற பெயர் நியாயமாக அவருக்கே உரியது. அமெரிக்காவிலும் குடும்ப மருத்துவர்கள் விளையாட்டு மருத்துவத்தில் ஃபெல்லோஷிப் செய்கிறார்கள். ஆக, அறுவை செய்பவரை 'விளையாட்டுக் காய அறுவை மருத்துவர்' என்றே எழுதுவோம். நீளம்தான். நோயாளி சரியான கதவைத் தட்ட அந்த நீளம் தேவைப்படுகிறது.

ஆர்த்தோபீடிக்ஸ் என்னும் எலும்பு அறுவைத் துறைக்கு வழங்கும் 'முடநீக்கியல்' பற்றியும் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைப் பலகைகளில் இருக்கும் சொல், மறுக்கவில்லை. 1741இல் நிக்கோலா ஆந்திரி என்ற பிரெஞ்சு மருத்துவர் 'நேரான', 'குழந்தை' என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துத்தான் இந்தத் துறைக்குப் பெயர் வைத்தார். வளைந்த பிள்ளைகளை நிமிர்த்துவதே அன்று நோக்கமாக இருந்ததால், அந்த மூலத்துக்கு முடநீக்கியல் மிக நெருக்கம். ஆனால் பந்தாடி விழுந்த பத்தொன்பது வயதுப் பிள்ளையின் கையில் 'முடம்' என்று தொடங்கும் தாளைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இலங்கை வழக்கில் 'என்பியல்' உண்டு, நம் வழக்கில் 'எலும்பியல்' உண்டு. இரண்டில் எது வந்தாலும் எனக்குச் சரி.

இனி ஃபெல்லோஷிப். இந்த ஒரு சொல் மூன்று வேலை பார்க்கிறது, சிக்கலே அங்குதான். ஆய்வு செய்யத் தரப்படும் பணம் ஒன்று. அதற்கு 'நல்கை' நன்றாக வேரூன்றிவிட்டது, தொட வேண்டாம். எஃப்.ஆர்.சி.எஸ். என்பதில் உள்ளது இன்னொன்று. அது பிரிட்டனின் அறுவை மருத்துவக் கல்லூரி ஒன்றின் தேர்வில் வென்று பெறும் தகுதி. மூன்றாவதுதான் நாம் தேடும் பயிற்சி. அதற்கு 'கிளைத்துறைப் பயிற்சி' என்பதை முன்வைக்கிறேன். எலும்பியல் துறை என்றால் விளையாட்டுக் காய அறுவை அதன் கிளைத்துறை. துறையை முடித்த பிறகே கிளைக்குப் போக முடியும் என்ற வரிசையைச் சொல்லே காட்டிவிடுகிறது. பயிற்சியில் இருப்பவர் 'கிளைத்துறைப் பயிலுநர்'. 'உயர்பயிற்சி' என்றால் எதற்கு மேல் உயர்ந்தது என்று தெரியாது. 'தோழமைப் பயிற்சி' என்று எங்கோ பார்த்தேன், அதை நாம் தொடக்கூடாது.

இன்னொன்றும் வேண்டும். சில வாரம் ஒரு பெரிய மருத்துவரின் பக்கத்தில் நின்று பார்த்து வந்ததும் ஃபெல்லோஷிப் என்றே எழுதப்படுகிறது, ஓராண்டு முழுக்கப் பொறுப்பேற்று அறுவை செய்ததும் அதே பெயரில் வருகிறது. பார்த்து வருவதும் பயனுள்ளதுதான். அதை 'பார்வைப் பயிற்சி' என்று பிரித்துவிடலாம். கிளைத்துறைப் பயிற்சி என்று எழுதும்போதெல்லாம் எந்த உறுப்பு, எங்கே, எவ்வளவு காலம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று நம் அகராதிக் குறிப்பிலேயே போட்டுவிடுவோம். 'தோள், முழங்கால் கிளைத்துறைப் பயிற்சி, 1 ஆண்டு' என்று படித்தால் நம் அம்மாக்களுக்கு விளங்கும்.

நுண்துளை அறுவையில் மூட்டுக்குள் செலுத்திப் பார்க்கும் குழாய்க் கருவிக்கும் (ஆர்த்ரோஸ்கோப்) பெயர் தீரவில்லை. ஜப்பானில் தக்காகி 1918இல், இறந்தவர் ஒருவரின் முழங்காலுக்குள் சிறுநீர்ப்பை நோக்கியை நுழைத்துப் பார்த்தார். அவருடைய மாணவர் வத்தனாபே அதையே வளர்த்து, 1962இல் கிழிந்த சவ்வின் ஒரு பகுதியை அதன் வழியாகவே வெட்டி எடுத்தார். இந்தக் கிளைத்துறை இன்று இப்படி இருப்பதற்கு அந்தக் கருவி பெரிய காரணம். 'மூட்டகநோக்கி' என்று எழுதலாமா, 'மூட்டு உள்நோக்கி' போதுமா? யாழ்ப்பாணத்து ஐயா, உங்கள் பக்கத்துச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் இதை எப்படி எழுதுகிறார்கள் என்று கேட்டுச் சொல்ல முடியுமா?

அன்புடன்,
செந்தூலிலிருந்து